ஷைனிக்கு எத்தனை வயது என்று எழுதுவது?

1

இந்தக் கதைக்குக் காரணமான வரி நான் எழுதியதில்லை. ஹார்பர் லைன் ரயிலில், பெண்கள் பெட்டியில், முன்பின் தெரியாத ஒருத்தி கைபேசியில் பேசியதை ஒட்டுக்கேட்டு எடுத்துக்கொண்டு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கூச்சமில்லாமல் இட்டுக்கட்டலாம்.

நான் சான்பாடாவில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தேன். அவள் மான்குர்டில் ஏறினாள். இடம் இருந்தும் உட்காரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற குரலில், பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி பேசினாள். மும்பையில் நாங்கள் பாதிப் பேர் அப்படித்தான் ரகசியம் பேசுகிறோம். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று ஒரு தைரியம்.

"அவளுக்கு நெசமா எத்தன வயசுன்னு அவளுக்கே தெரியாதுண்ணே" என்றாள்.

பிறகு எதிர்முனை சொன்னதை வெகுநேரம் கேட்டாள். ஜி.டி.பி. நகரில் இறங்கிப் போய்விட்டாள். தன் வயது தனக்கே தெரியாத ஒரு பெண் குழந்தை எங்கோ இந்த ஊரில் இருக்கிறாள் என்று நினைத்தபடியே நான் உட்கார்ந்திருந்தேன். வடாலாவில் இறங்க வேண்டியவள், சேவ்ரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

2

தொடக்கங்கள்.

முதலாவது: "ஷைனி கண்ணைத் திறந்தபடியே தூங்கும் குழந்தை." அடித்துவிட்டேன். அது தூக்கம் இல்லை.

இரண்டாவது: "மீத்திறன் கொண்ட குழந்தைகளை வகுப்புத் தாண்டி ஏற்றிவிடுவதா, அதே வகுப்பில் வைத்துக் கூடுதலாகக் கற்பிப்பதா என்பது கல்வியாளர்களிடையே நெடுங்காலமாக" (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே பொறுமை இல்லை.)

மூன்றாவது: பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது ரோசம்மாவின் மடி நிறையச் சட்டைகள் கிடந்தன.

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

ரோசம்மா என்பது ரயிலில் பார்த்தவளுக்கு நான் வைத்த பெயர். தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறாள். தைத்து முடித்த சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. தாகா கட்டிங் என்று அங்கே சொல்வார்கள். கணவன் தாவீது, அணுசக்தி நகருக்கு ஊழியர்களை ஏற்றிப் போகும் ஒப்பந்தப் பேருந்தின் டிரைவர். ஒரே பெண், ஷைனி. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாவது படிக்கிறாள்.

போனில் பேசியவர்கள் ஷைனி விஷயமாக ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ரோசம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். பிள்ளை மறுபடியும் பாடம் கவனிக்காமல் இருந்திருப்பாள். வீட்டிலும் அப்படித்தான். சோற்றுத் தட்டு முன்னால் இருக்கும், கை பாதி வழியில் நிற்கும், கண் எங்கோ இருக்கும். "ஷைனி ஊருக்குப் போயிட்டா" என்று சொல்லி அம்மாவும் அப்பாவும் சிரித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிடுவாள்.

(அவள் போகிற ஊர் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். "அங்கே எண்கள் எல்லாம் வெள்ளைப் புறாக்களாக" என்று தொடங்கியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுத் தகரக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். ஒன்றின் கீழே குண்டான், மற்றொன்றின் கீழே தூக்குவாளி. இரண்டும் வேறு வேறு கதியில் சொட்டும். ஷைனி படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். திடீரென்று "இப்போ" என்பாள். இரண்டு சொட்டும் ஒன்றாக விழும். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. "தெரியுதும்மா" என்பாள். அவ்வளவுதான். நான் பார்த்தேன் என்றேன் இல்லையா? கற்பனையில்தான் பார்த்தேன்.)

3

பள்ளிக்கூடத்தில் ரோசம்மாவை உட்காரச் சொன்னவள் ஷ்யாமளா. பிள்ளைகளின் மனநிலை, படிப்பு எல்லாம் பார்க்கிற ஆலோசகர். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரி.

"பயப்படாதீங்கோ, கம்ப்ளெயின்ட் இல்லே" என்றாள். "ஜன்னலைப் பார்த்துண்டே உக்காந்திருக்காளேன்னுதான் நான் டெஸ்ட் வெச்சேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல இந்த வயசுல இப்படி மார்க் எடுத்த கொழந்தையை நான் பார்த்ததில்லே."

ரோசம்மா தலையை ஆட்டினாள். 'இந்த வயசுல' என்ற இடத்தில் மட்டும் அவள் தலை ஒரு கணம் நின்றது.

ஷ்யாமளா மூன்று வழி சொன்னாள். ஒன்று, டபுள் ப்ரமோஷன். ஐந்தாவதைத் தாண்டி நேராக ஆறாவது. இரண்டாவது, இதே பிள்ளைகளோடு இருக்கட்டும், கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரட்டும். மூன்றாவது, சனிக்கிழமை வகுப்பு.

"அணுசக்தி நகர் பக்கத்துல ரிட்டயர்டு சயன்டிஸ்ட் சில பேர் நடத்தறா. சிலபஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கறதுன்னு ஒரு மாசம் பார்த்துண்டிருப்பா. ஆனா சின்னக் கொழந்தைகளுக்குத்தான். பத்து வயசு முடிஞ்சிருக்கப்படாது. நம்ம ஷைனிக்கு ஒம்பதுதானே, கவலையில்லே. இதோட டபுள் ப்ரமோஷனும் எடுத்துக்கலாம். எதுவானாலும் அடுத்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்கோ."

மேஜையில் ஒரு அட்டவணை கிடந்தது. இத்தனை வயதுக்கு இத்தனை மார்க் என்றால் குழந்தை எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். ஷ்யாமளா ஒன்பதுக்கு நேரே ஸ்கேலை வைத்திருந்தாள். ரோசம்மா அந்த ஸ்கேலையே பார்த்தாள்.

"டீச்சர், பத்து முடிஞ்ச பிள்ள இதே மார்க் எடுத்திருந்தா?"

ஷ்யாமளா ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கினாள். "நல்ல மார்க்தான். கெட்டிக்காரக் கொழந்தைன்னு சொல்லுவோம். ஆனா உங்களைக் கூப்பிட்டு இப்படிப் பேசிண்டிருக்க மாட்டேன். ஏன் கேக்கறேள்?"

"சும்மாதான் டீச்சர்."

4

இங்கே வாசகர்கள் என்னைத் திட்டுவதற்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஷைனிக்குப் பத்து முடிந்துவிட்டது.

தலைப் பிரசவத்துக்கு ரோசம்மா சாத்தான்குளம் பக்கத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நல்ல மழை. ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. தெருவில் இருந்த ஒரு நர்ஸம்மா வீட்டிலேயே பிரசவம் பார்த்தாள். பிறப்பைப் பதிவு செய்கிற பொறுப்பு அண்ணன் அருளப்பனுடையது. அவர் இன்று போகிறேன், நாளை போகிறேன் என்று ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு பதிய வேண்டுமென்றால் அங்கே இங்கே அலைய வேண்டும் என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் சுலபமான யோசனை சொல்ல, பிள்ளை போன வாரம்தான் பிறந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு வருசம் கொறச்சிப் போட்டா என்னட்டி கொறஞ்சா போவுது? நாளைக்கி கவர்மென்டு உத்தியோகம் கெடச்சா, ரிட்டயராவ ஒரு வருசம் கூடக் கெடைக்கும்லா!"

பிள்ளை அப்போது சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது. அதற்குள் மாமா அதன் ஓய்வுபெறும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்.

* இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் தங்கள் குடும்பத்தில் எத்தனை பேருக்கு சர்டிபிகேட் பிறந்தநாள் ஒன்றும் சொந்தப் பிறந்தநாள் ஒன்றும் இருக்கிறது என்று விசாரித்துப் பார்க்கலாம். என் அப்பாவுக்கு இருந்தது. அது சர்வீஸுக்காகச் செய்தது. அதே கணக்கு ஒரு குழந்தையை மேதையாக்கிவிடும் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?

எனக்கு அருளப்பன் மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. நானும் அந்த வேலையைத்தான் செய்கிறேன். இந்தக் கதையின் முதல் பிரதியில் ஷைனிக்கு எட்டு வயது. இரண்டாவதில் ஒன்பது. எந்த வயது போட்டால் படிக்கிறவர்களுக்கு மனசு இளகும் என்று பார்த்துப் பார்த்து மாற்றினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

5

டீச்சரிடம் நிஜ வயதைச் சொல்லிவிடலாமா என்று தாவீதிடம் ரோசம்மா கேட்டபோது அவன் சீருடையைக் கூடக் கழற்றவில்லை.

"சர்டிபிகேட்ல இருக்கதுதான் வயசு. வேற வயசு கெடையாது" என்றான்.

"டீச்சர் ஸ்கேல எறக்கினாவ. எம் முன்னாலதான் எறக்கினாவ."

"நீ ஏம்ட்டி கேக்கப் போன?"

அவன் தன் பேருந்தில் வருகிற விஞ்ஞானிகள் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தான். என் பெண் டபுள் ப்ரமோஷன் என்று. அவர்கள் கை கொடுத்தார்களாம். வருடக்கணக்காக முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் முதன்முறையாக முன்னால் வந்து அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்களாம். இதைச் சொல்லும்போது அவனுக்குக் குரல் இடறியது.

(தாவீதைக் கொஞ்சம் முரடனாக எழுதலாம் என்று நினைத்திருந்தேன். கதைக்கு வசதி. இடறிய குரலைக் கேட்டபிறகு மனசு வரவில்லை.)

"நல்லா யோசிச்சிப் பாரு ரோசு" என்றான் தாழ்ந்த குரலில். "நெச வயசுக்கு அவ எந்தக் கிளாஸுல இருக்கணும்? மேல் கிளாஸுலதானே! ஒங்கண்ணன் தொலச்ச வருசத்த பள்ளிக்கூடம் திருப்பித் தருது. வாங்கிக்கிட வேண்டியதுதானே?"

அவன் சொன்னது சரி. தப்பான காரணத்துக்காக வந்து நிற்கிற சரியான முடிவு. இந்த மாதிரி ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்திருந்தால் நான் அன்றைக்கு வேறு பெட்டியில் ஏறியிருப்பேன்.

ஆனால் ரோசம்மாவின் மனசு ஆறாவதில் இல்லை. முந்தைய சனிக்கிழமை ஷைனியைக் கூட்டிக்கொண்டு அந்த வகுப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒரு வேப்பமரத்தடியில் பிள்ளைகள் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். ஷைனியும் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கண் வழக்கம்போல எங்கோ போய்விட்டது. யாராவது தட்டி எழுப்புவார்கள் என்று ரோசம்மா காத்துக்கொண்டே நின்றாள்.

"ஒருத்தரும் கூப்பிடலங்க" என்றாள் தாவீதிடம். "அவ பாட்டுக்குப் போனா, அவ பாட்டுக்குத் திரும்பி வந்தா. அங்க அவள மாரி நாலஞ்சி பிள்ளைய அப்படித்தான் இருந்துச்சி."

"அப்பம் வாயத் தொறக்காத. தொறந்தா அந்தக் கிளாஸும் கெடையாது."

6

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. சில நாள் எழுதவில்லை.

ஒரு மத்தியானம் ரயிலில் வரும்போது கண் அசந்தது. வாஷி பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கழிமுகத்தில் நீர் வற்றி, சேற்றில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நின்றன. பாலம் முடிய வேண்டிய நேரத்தில் முடியவில்லை. எதிர் இருக்கையில் ரோசம்மா உட்கார்ந்து மடியில் சட்டைகளைப் போட்டு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய நூல் பெட்டி முழுக்கப் பரவி என் செருப்பை மூடியிருந்தது.

"எம் பிள்ளைக்கு வயசு போட்டுட்டியளோ?" என்றாள்.

"இன்னும் முடிவு பண்ணலை."

"போடாதிய. ஏற்கெனவே ஒருத்தர் போட்டாவ."

அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

"அந்த ஒரு வருசம் பிள்ளையோட அப்பா பம்பாயில இருந்தாவ. பிள்ளையும் நானும் மட்டுந்தான். மொதப் பல்லு மொளச்சது, காய்ச்ச வந்து விடிய விடியத் தூக்கிக்கிட்டு நின்னது, தவழ்ந்தது, எல்லாம் அந்த வருசத்துலதான். காயிதத்துல பாத்தா அப்பம் அவ பொறக்கவே இல்ல. பொறக்காத பிள்ள எப்படி என் வெரலக் கடிச்சிச்சி, சொல்லுங்க?"

எனக்கு அழுகை வந்தது. கனவில் அழுதால் சத்தம் வராது என்பார்கள், வந்தது.

"நீங்க படிச்சவிய. டபுள் ப்ரமோஷன் நல்லதா கெட்டதா?"

இதற்காகவே நிறைய வாசித்து வைத்திருந்தேன். தாண்டி ஏற்றினால் சில குழந்தைகள் சந்தோஷமாக இருக்கும், சில குழந்தைகள் தனிமைப்பட்டுப் போகும், ஏற்றாமல் வைத்திருந்தால் சலித்துப்போய்ப் படிப்பையே வெறுத்துவிடும், எல்லாம் குழந்தையைப் பொறுத்தது என்றேன்.

"பொறுத்தது, பொறுத்ததுன்னுட்டே இருங்க. எனக்கு அடுத்த வாரம் பதில் சொல்லணும்" என்றாள் ரோசம்மா. பாலம் முடிந்துவிட்டது. எதிர் இருக்கையில் யாரோ ஒரு கல்லூரிப் பெண் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள்.

7

முடிவுகள்.

(அ) ரோசம்மா ஷ்யாமளாவிடம் உண்மையைச் சொல்கிறாள். ஷ்யாமளா நெகிழ்ந்துபோய், வயது எதற்கு, திறமைதான் முக்கியம் என்று எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறாள். — இதை எழுதி முடித்து ஒரு காபி குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது. வயது விதி என்று ஒன்று இருந்தால் அதைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஷ்யாமளா உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டு நல்லவளாக இரு என்று சொல்வது அநியாயம்.

(ஆ) ரோசம்மா வாயைத் திறக்கவில்லை. ஷைனி ஆறாவதுக்கும் போகிறாள், சனிக்கிழமை வகுப்புக்கும் போகிறாள். அதே வகுப்புக்கு இடம் கிடைக்காமல் கோவண்டியில் ஷைஸ்தா என்று ஒரு சிறுமி, நிஜமாகவே ஒன்பது வயதுக்காரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு — வேண்டாம். இந்த ஷைஸ்தாவை உங்கள் மனசாட்சியைக் குத்துவதற்காக இப்போதுதான் உண்டாக்கினேன். அடிக்கிறேன். (அடித்துவிட்டாலும் அவள் அங்கேதான் இருப்பாள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வரிசையிலும் அடுத்ததாக ஒரு குழந்தை நிற்கத்தானே செய்கிறது!)

(இ) ஷைனி எதற்கும் போகவில்லை. ஐந்தாவதில் ஜன்னலோரம் உட்காருகிறாள். — இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றிலும் ஒரு குறை இருக்கிறது. எல்லாரும் ஷைனியைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். அவளிடம் யாரும் பேசவில்லை. நானும் சேர்த்துத்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அவளுக்கு வாயைத் திறந்து பேச ஒரு முழு வாக்கியம் கூட நான் கொடுக்கவில்லை.

8

ஷ்யாமளாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தைய நாள். பள்ளிக்கூடம் விட்டு ரோசம்மாவும் ஷைனியும் கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். வெயில் சாய்ந்துவிட்டது. பூக்கடைகளிலிருந்து மல்லிகை வாசம் வருகிறது. பக்கத்து உணவகத்தில் யாரோ டம்ளரை டவராவில் வைக்கிற சத்தம்.

"அம்மா, கிளாஸ்ல நான்தான் எல்லாரையும்விட உயரம், தெரியுமா? டீச்சர் என்னை எப்பவும் லாஸ்ட் பெஞ்ச்லதான் உக்கார வைக்கிறாங்க. ஏன்மா நான் மட்டும் இவ்ளோ உயரம்?"

ரோசம்மா இதைத் திட்டமிடவில்லை. நானும்தான். அவள் பெண்ணின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். குனிந்து, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மக்ளே, ஒனக்கு ஒம்பது இல்ல. பத்து முடிஞ்சி போச்சி. மாமா பதியும்போது மாத்திப் போட்டுட்டாவ."

எல்லாவற்றையும் சொன்னாள். மழையை, நர்ஸம்மாவை, காய்ச்சலை, விரலைக் கடித்ததை. ஷைனி முதலில் சிரித்தாள்.

"சச்சி? நிஜமாவா? அப்போ எனக்கு ஒரு பர்த்டே பாக்கி இருக்கா?"

"இருக்கு."

"அப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டீச்சருக்கு?"

"தெரியாது."

ஷைனி ரோட்டைப் பார்த்தாள். அவள் எங்கும் போகவில்லை. முழுக்க முழுக்க அங்கேயே நின்றாள், கண்ணில் கணக்கு ஓடியது. டெஸ்ட், மார்க், அப்பா பஸ்ஸில் சொன்னது, தலைமை ஆசிரியை அவள் கன்னத்தைத் தட்டியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தில் வந்து போவதை ரோசம்மா பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு ஒரு வருடம் திரும்பக் கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அதோடு சேர்த்து எதையோ பிடுங்கிக்கொண்டோம் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஷைனி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் ஸ்மார்ட் இல்லையாம்மா?"

ரோசம்மா வாயைத் திறந்தாள்.

இங்கே அவள் என்ன சொன்னாள் என்று எழுதப் பல நாட்களாக முயன்றேன். "நீ எத்தன வயசானாலும்" என்று ஒரு வாக்கியம். பொய்யாக ஒலித்தது. "அதெல்லாம் இல்ல மக்ளே, ஒன்ன மாரி" என்று இன்னொன்று. ஆறுதலாக ஒலித்தது, இந்தக் குழந்தை ஆறுதலை உடனே கண்டுபிடித்துவிடும். வெறுமனே அணைத்துக்கொண்டாள் என்று எழுதினேன். அணைத்துக்கொள்வது பதில் இல்லை என்று ஷைனிக்குத் தெரியும், பத்து முடிந்துவிட்டது.

என்னால் முடியவில்லை. உங்களுக்கும் ஒரு பெண்ணோ பையனோ இருக்கலாம், அல்லது நீங்களே ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் உயரமாக உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், ரோசம்மாவிடமும் வேண்டாம். ஷைனியிடமே, நேராக. அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கொஞ்சம் சீக்கிரம். பஸ் வந்துவிட்டது.